துணை எங்கென்று தெரியாதபோது மணமுறிவு

(பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"ஏழாண்டுகள் பிரிந்திருந்தால் திருமணம் தானாகவே அற்றுவிடும்" என்னும் பேச்சு எம்மவரிடையே உலவுகின்றது. அது தவறானது. கனடாவில் எத்தனை ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தாலும் நீதிமன்றத்தின் கட்டளையின்றி மணமுறிவு இல்லை. அது பெறாமற் செய்யும் மறுமணம் செல்லாது, குற்றவழக்கிற்கும் இடமளிக்கலாம்.

மறுபுறம், "அவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாது, பத்திரத்தை யாரிடம் கொடுப்பது?" என்று ஆண்டுக்கணக்கில் முடங்கியிருப்போரும் உளர். சட்டம் இவர்களைக் கைவிடவில்லை.

ஒன்ராறியோவில் மணமுறிவு விண்ணப்பத்தை விண்ணப்பதாரர் தாமே கையளித்தல் பொதுவாக ஆகாது. வேறொருவரே துணையிடம் சேர்ப்பிக்க வேண்டும். ஆள் அகப்படாவிடின், குடும்பச் சட்ட விதிகளின் 6ஆம் விதிப்படி, உறவினர் ஊடாகவோ மின்னஞ்சல் வழியாகவோ சேர்ப்பிக்க நீதிமன்றிடம் அனுமதி கோரலாம். அவ்வழி அவருடைய கவனத்திற்கு எட்டும் என்பதற்கு நியாயமான காரணம் காட்டவேண்டும். எவ்வழியும் இல்லையெனில், சேர்ப்பித்தலிலிருந்தே விலக்களிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

ஆயினும் "தேடினேன், காணவில்லை" என்னும் ஒற்றை வரி போதாது. கடைசி முகவரி, தொழிலிடம், பெற்றோர், உடன்பிறந்தோர், நண்பர், சமூக வலைத்தளம் என எங்கெங்கு, எந்நாளில், யாரிடம் வினவினீர்கள், என்ன விடை கிடைத்தது என்பனவற்றைச் சத்தியக்கடதாசியில் விரிவாகக் கூறவேண்டும். ஆதலால் இன்றே குறிப்பெழுதத் தொடங்குங்கள். முகவரி தெரிந்திருந்தும் மறைத்துச் சத்தியம் செய்தால், பெற்ற தீர்ப்பே பின்னர் நீக்கப்படக்கூடும்.

துணை இலங்கையிலோ இந்தியாவிலோ இருப்பதும் முகவரி தெரிவதும் உறுதியானால் வழி வேறு. அவ்விரு நாடுகளும் 1965ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இணைந்தவை. அந்நாட்டு மத்திய அதிகார அமைப்பின் ஊடாகவே பத்திரம் செல்லவேண்டும்.

பிள்ளைகள் இருப்பின், அவர்களுடைய பராமரிப்பிற்குத் தக்க ஏற்பாடு உண்டா என்பதையும் நீதிபதி ஆராய்வார். இல்லையெனில் மணமுறிவை நிறுத்தி வைப்பார்.

இறுதியாக, உறவினருக்கு ஒரு வேண்டுகோள். "குடும்ப மானம்" கருதி மகனின் அல்லது மகளின் இருப்பிடத்தை மறைக்காதீர்கள். நீங்கள் காக்கும் மௌனம் இன்னொருவரின் வாழ்வைப் பூட்டி வைக்கின்றது. பத்திரத்தைப் பெற்றுக்கொள்வது தோல்வியன்று. தம் பக்க நியாயத்தைச் சொல்வதற்குக் கிடைக்கும் வாய்ப்பு அது.

இளையோரே, ஆங்கிலப் படிவங்களை நிரப்ப உங்கள் தாய்மாருக்குத் துணை நில்லுங்கள். சட்ட உதவி நிலையங்களை நாடுங்கள்.