மறுபடி எடுத்த படங்கள்



ஊரே கொண்டாடிய பழைய படம் ஒன்றை மறுபடியும் எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் நம்மில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான். "அதுதான் நல்லா இருக்கே, எதுக்குத் திரும்ப எடுக்கணும்?" கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இதைக் கேட்கிற நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் பழைய படங்களில் பலவும் ரீமேக்தான்.

'எங்க வீட்டுப் பிள்ளை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 பொங்கலுக்கு வந்த படம். அதற்கு முந்தைய ஆண்டே தெலுங்கில் என்.டி. ராமராவ் நடித்து 'ராமுடு பீமுடு' என்று வந்துவிட்ட கதை அது. தாபி சாணக்யா என்ற அதே இயக்குநர்தான் தமிழிலும் எடுத்தார். 1967-இல் திலீப் குமாரை வைத்து 'ராம் அவுர் ஷியாம்' என்று ஹிந்தியில் எடுத்தவரும் அவரேதான். பயந்தாங்கொள்ளி ஒருவன், முரடன் ஒருவன், முகம் மட்டும் ஒன்று. மூன்று மொழியிலும் கதை இதற்கு மேல் மாறவில்லை. ஆனால் தமிழில் எம்.ஜி.ஆர். கையில் சாட்டை வந்ததும், கூடவே வாலி எழுதிய ஒரு பாட்டும் வந்ததும், அக்காள் புருஷனின் கொடுமையைத் தட்டிக்கேட்கிற ஒரு வீட்டுச் சண்டை வேறொன்றாகிவிட்டது. அக்காள் புருஷனாக வரும் நம்பியாரை அடிக்கிற அடியைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஊரில் உள்ள எல்லா நம்பியார்களுக்கும் விழுகிற அடியாக எடுத்துக்கொண்டார்கள். தெலுங்குப் படத்தை நகலெடுத்த படம் என்று அதை இன்று யாரும் சொல்வதில்லை. தயாரிப்பாளர் கே. பாலாஜியோ வேற்றுமொழிப் படங்களைத் தமிழுக்குக் கொண்டுவருவதை ஒரு தொழிலாகவே சிறப்பாக நடத்தினார். 'ராஜா', 'நீதி', 'பில்லா', 'தீ' எல்லாம் அப்படி வந்தவை.

அதனால் ரீமேக் என்றாலே மட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்களை நாம் அழைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு மொழியில் வந்த படத்தை இன்னொரு மொழிக்குக் கொண்டுவருவது ஒன்று. ஒரு மொழியில் வந்த படத்தை முப்பது வருஷம் கழித்து அதே மொழியில் திரும்ப எடுப்பது இன்னொன்று. முதல் காரியத்தில் தமிழ் சினிமா கெட்டி. இரண்டாவதில் தொட்டது பெரும்பாலும் சறுக்கல். இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்க ஒரே கதை நமக்கு வசதியாகக் கிடைத்திருக்கிறது: 'தில்லு முல்லு'.

1979-இல் ஹிருஷிகேஷ் முகர்ஜி 'கோல்மால்' எடுத்தார். மீசையில்லாத ஆணை மனிதனாகவே மதிக்காத ஒரு முதலாளி. அவரிடம் வேலைக்குச் சேர்ந்த இளைஞன், விளையாட்டு பார்க்கப் போன இடத்தில் முதலாளி கண்ணில் பட்டுவிடுகிறான். தப்பிப்பதற்காக, "அது நானில்லை, மீசையில்லாத என் இரட்டைச் சகோதரன்" என்று ஒரு பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய், அதைக் காப்பாற்ற ஒரு பொய் அம்மா. ஹிந்தியில் நாயகன் அமோல் பாலேகர். அடுத்த வீட்டுப் பையன் மாதிரி இருப்பார், சாது. அப்படிப்பட்டவன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் அங்கே சிரிப்பு.

இரண்டே வருஷத்தில் கே. பாலசந்தர் அதைத் தமிழில் எடுத்தார். அவர் அமோல் பாலேகர் மாதிரி ஒரு சாதுவைத் தேடிப் போகவில்லை, ரஜினிகாந்தைப் பிடித்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் 'பில்லா'வும் 'முரட்டுக்காளை'யும் வந்திருந்தன. திரையில் அவர் வந்தாலே அடிதடியை எதிர்பார்த்த காலம். அந்த ரஜினி, நெற்றியில் பட்டையும் கழுத்து வரை பொத்தானுமாக, முதலாளியாக வரும் தேங்காய் சீனிவாசன் முன்னால் கைகட்டி நிற்கிறார். பிறகு மீசையை எடுத்துவிட்டு வந்து நிற்கிறார். கொட்டகையில் சிரிப்பு கதையால் பாதி, அந்த முகத்தால் பாதி. மீசையில்லாத ரஜினியின் மேலுதட்டைப் பார்ப்பதே அன்றைக்கு ஒரு சமாசாரம். அமோல் பாலேகரின் மீசை கதையில் வரும் ஒரு பொருள், அவ்வளவுதான். ரஜினியின் மீசையோ கொட்டகைக்கு வருகிறவன் மனசிலேயே இருந்தது. எதிரே தேங்காய் சீனிவாசன். ஹிந்தியில் முதலாளியாக நடித்த உத்பல் தத் பெரிய நடிகர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏமாறும்போதெல்லாம் மேலும் மேலும் பெருமிதப்படுகிற அந்த முகபாவம் தேங்காய் சீனிவாசனின் சொந்தச் சரக்கு. சௌகார் ஜானகி ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து அம்மாவாக மாறுகிற இடம் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதது.

2013-இல் அதே 'தில்லு முல்லு' மறுபடி வந்தது. பத்ரி இயக்கம், சிவா நாயகன், முதலாளியாகப் பிரகாஷ்ராஜ். பழைய படத்துக்கு இசையமைத்த எம்.எஸ். விஸ்வநாதனையே அழைத்து வந்து யுவன் சங்கர் ராஜாவோடு சேர்ந்து வேலை செய்யச் சொன்னார்கள். மரியாதையில் குறையில்லை. ஆனால் சிவாவின் மீசையை எடுத்தால் யாருக்கு என்ன? அது படம் எடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் மீசையை விட்டுவிட்டுக் கண்ணைப் பிடித்தார்கள். இரட்டையனுக்குப் பூனைக்கண். கெட்டிக்கார யோசனைதான். ஆனாலும் உட்காரவில்லை. காரணம் கண்ணில் இல்லை, ஆளில் இருக்கிறது. 'தமிழ்ப் படம்' படத்தில் நடித்து எல்லாரையும் கிண்டலடித்த சிவாவின் முகத்தில் எப்போதும் ஒரு 'சும்மா சொல்றேன்' ஓடிக்கொண்டே இருக்கும். முழுநேரப் புளுகன் இன்னொரு பொய் சொன்னால் அதில் நமக்கென்ன பதற்றம்? மாட்டிக்கொள்வானோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டால்தானே தப்பிக்கும்போது சிரிப்பு வரும்.

வானொலியில் பேசுவதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஒரு தலைமுறை சினிமாவைக் காதால் பார்த்தது. ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி ஒலிபரப்புவார்கள். வானொலிப் பெட்டியைச் சுற்றி வீடே உட்காரும். அப்படிக் கேட்டவர்களுக்கு வசனம் மட்டுமில்லை, வசனத்துக்கு நடுவில் விடுகிற மூச்சுகூட மனப்பாடம். புதுப் படம் அந்த ஞாபகத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அங்கே உண்மையான பழைய படம்கூடத் தோற்றுவிடலாம். ஞாபகத்தில் இருக்கும் படத்தில் தொய்வான இடமே கிடையாது, அதையெல்லாம் நாமே எப்போதோ வெட்டி எறிந்திருப்போம்.

அப்படியானால் எதையும் மாற்றாமல் அப்படியே எடுத்துவிட்டால்? அதையும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960-இல் வந்தது. 1998-இல் கஸ் வான் சான்ட் அதே திரைக்கதையை வைத்து, ஏறக்குறைய அதே கோணங்களில், பெர்னார்ட் ஹெர்மனின் அதே இசையோடு கலரில் எடுத்தார். எல்லாம் இருந்தது, பயம் மட்டும் வரவில்லை. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று 1960-இல் ஹிட்ச்காக் கொட்டகைக்காரர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கதாநாயகி என்று நம்பிப் பின்னால் போகிறவள் படம் பாதியைத் தொடும் முன்பே செத்துப்போவாள் என்று அன்றைக்கு உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாது. 1998-இல் அது உலகத்துக்கே தெரியும். குளியலறைத் திரைக்குப் பின்னால் நிழல் வரும்போது இவன் "இதோ வந்துவிட்டது" என்று நிமிர்ந்து உட்காருகிறான். பயந்தவனும் காத்திருந்தவனும் ஒரே காட்சியைப் பார்க்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

காலம் தாண்டி எடுத்து நம்மிடம் தேறியவற்றில் முதலில் சொல்ல வேண்டியது 2007-இல் வந்த 'பில்லா'. விஷ்ணுவர்தன் ரஜினியின் 'பில்லா'வோடு மல்லுக்கு நிற்கவில்லை. ரஜினி படத்தில் குறும்பும் கூத்தும் தளும்பும். அஜித் படத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை, சிரிப்பது அதைவிடக் குறைவு. மலேசியாவின் கண்ணாடிக் கட்டடங்களும், கறுப்புக் கோட்டும், நீரவ் ஷாவின் ஒளிப்பதிவும், யுவனின் இசையும் சேர்ந்து கதையைவிட ஒரு தோரணையைத்தான் விற்றன. கதையாகப் பார்த்தால் எனக்குப் பழைய 'பில்லா'தான் ஒரு படி மேல். ஆனால் புதியது நகல் என்று சொல்ல மாட்டேன். அதே வருஷம் வந்த 'நான் அவனில்லை'க்கு வேறு வசதி. 1974-இல் பாலசந்தர் இயக்கி ஜெமினி கணேசன் வேஷம் வேஷமாகப் போட்ட மூலப் படம் பெரிதாக ஓடிய படமில்லை. ஒப்பிட ஆளில்லாததால் ஜீவன் நடித்த படம் தன் போக்கில் ஓடியது.

இனி மொழி தாண்டுவதற்கு வருகிறேன். எனக்குத் தெரிந்து இதில் மிகச் சுவாரஸ்யமான கதை 'மணிச்சித்ரத்தாழ்' படத்தினுடையது. 1993-இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம், சோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்த மருமகளுக்குள், அந்த வீட்டில் அந்தக் காலத்தில் கொல்லப்பட்ட நாகவல்லி என்ற நாட்டியக்காரி புகுந்துகொண்டதாகத் தோன்றுகிறது. நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. கணவன் வெளியே போக வேண்டாம் என்று தடுக்கிற சாதாரண வாக்குவாதத்தில், கண் உருண்டு, குரல் தடித்து, அந்த மலையாளப் பெண் திடீரென்று தமிழில் சீறுகிறாள். ஒரு கையால் கட்டிலைத் தூக்கி நிறுத்துகிறாள். மலையாளி ரசிகனுக்கு முதுகு சில்லிட்டது கட்டிலால் அல்ல, அந்தத் தமிழால். அவனுக்கு அது புரிகிற மொழி, ஆனால் வீட்டு மொழியில்லை.

இந்தப் படத்தைத் தமிழில் எடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? இங்கே எல்லாரும் பேசுவதே தமிழ். ஆவியும் தமிழில் பேசினால் அதில் என்ன அதிர்ச்சி? பி. வாசு முதலில் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' எடுத்தார். பிறகு 2005-இல் தமிழில் 'சந்திரமுகி'. நாகவல்லியின் இடத்தில் வந்த சந்திரமுகி ஆந்திரத்திலிருந்து கொண்டுவரப்பட்டவள் ஆனாள், தெலுங்கு பேசினாள், தெலுங்கில் பாடி ஆடினாள். 2007-இல் பிரியதர்ஷன் ஹிந்தியில் எடுத்தபோது அவள் வங்காளி. ஒவ்வொரு ஊர்க்காரரும் பக்கத்து ஊரில் ஒரு பேயைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. வசனத்தை மொழிபெயர்த்தால் வேலை முடிந்தது என்று யாராலும் உட்கார முடியவில்லை. ரீமேக் செய்கிறவனை இப்படி ஒரு முடிச்சு யோசிக்க வைத்தால் படத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. அதே ஊர், அதே மொழி என்று திரும்ப எடுக்கிறவனுக்கு இப்படி முடிச்சு எதுவும் விழுவதில்லை. செல்போனையும் காரையும் புதிதாக மாற்றிவிட்டுக் காலத்துக்கேற்ப எடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறான்.

'சந்திரமுகி' மூலத்துக்கு இணையா என்று கேட்டால், இல்லை. மலையாளத்தில் படம் பாதியை நெருங்கும்போதுதான் மோகன்லால் வீட்டுக்குள் நுழைகிறார். அதுவரை அந்த வீட்டுக்குள் நாம் தனியாகப் பயந்துகொண்டிருக்கிறோம். இங்கே ரஜினி தொடக்கத்திலேயே சண்டையோடு வந்துவிடுகிறார். சூப்பர் ஸ்டார் கூடவே இருக்கும்போது பேய்க்கு ஏன் பயப்பட வேண்டும்? ஆனால் அந்தக் கால மன்னன் வேட்டையனாக அவர் வருகிற சில நிமிஷங்கள் மூலத்தில் கிடைக்காதவை. ஜோதிகா தெலுங்கில் ஆடுகிற கட்டமும் தன் காலில் நிற்கிறது. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியதற்குப் பேய் காரணமில்லை என்றாலும், ஓடியது ஓடியதுதான்.

'த்ரிஷ்யம்' விஷயத்தில் எனக்கு ஒரு தராசு தேவைப்படுகிறது. 2013-இல் ஜீத்து ஜோசஃப் மலையாளத்தில் எடுத்து, 2015-இல் அவரே தமிழில் 'பாபநாசம்' எடுத்தார். ஜார்ஜ்குட்டி இங்கே சுயம்புலிங்கம் ஆனார், நெல்லைத் தமிழ் பேசினார். கடைசியில் மகனைப் பறிகொடுத்த பெற்றோர் முன் நிற்கிற கட்டத்தில் மோகன்லால் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு பேசுவார், அழுகை நமக்குத்தான் வரும். கமல் அங்கே உடைந்துவிடுகிறார். எனக்கு மோகன்லாலின் அடக்கம் பிடிக்கிறது. ஆனால் உடைகிற சுயம்புலிங்கத்தைப் பார்த்துத் தேம்பியவர்களை நான் கொட்டகையில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் ஒரிஜினலில் இப்படி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கு அதுதான் ஒரிஜினல்.

மூலத்தைப் பார்க்காமலே ரீமேக்கைப் பார்க்கிற இந்த வசதி இப்போது போய்க்கொண்டிருக்கிறது. புஷ்கர் - காயத்ரி 2017-இல் தமிழில் எடுத்த 'விக்ரம் வேதா'வை 2022-இல் ஹிருத்திக் ரோஷனையும் சைஃப் அலி கானையும் வைத்து ஹிந்தியில் அவர்களே எடுத்தார்கள். எடுத்த விதத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. தமிழில் நடித்த மாதவனையும் விஜய் சேதுபதியையும் ஹிந்தி டப்பிங்கில் ஏற்கெனவே பார்த்து முடித்தவர்கள் அங்கே ஏராளம். மொழி தாண்டி எடுத்த படமும் அவர்களுக்கு இரண்டாம் முறை பார்க்கிற படமாகிவிட்டது. உடனே ஒரு விதியாக இதைச் சொல்லிவிடவும் முடியாது, அதே ஆண்டில் 'த்ரிஷ்யம் 2' ஹிந்தியில் எடுக்கப்பட்டு நன்றாகவே ஓடியது. அங்கே அஜய் தேவ்கன் குடும்பம் முதல் பாகத்திலிருந்தே அவர்கள் வீட்டுக் குடும்பம் ஆகியிருந்தது.

நம் ஊரில் 'பாபநாசம்' இரண்டாம் பாகம் வரவேயில்லை. 2021-இல் மலையாள 'த்ரிஷ்யம் 2' கொட்டகைக்குக்கூடப் போகாமல் நேராக ஓ.டி.டி.யில் வந்தபோது, சுயம்புலிங்கத்துக்காக அழுதவர்களில் பலர் கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டு மோகன்லாலையே பார்த்து முடித்துவிட்டார்கள்.