பதினாலு பிள்ளை படிச்சா அது பள்ளிக்கூடம் இல்லையா?

(செம்மேடு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆடிப் பதினெட்டு வந்தா 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, இங்க இருக்கிற வல்வில் ஓரி சிலைக்கு மாலை போட்டுட்டுப் போறாங்க. சந்தோஷம். அதே கார் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் பார்த்திருந்தா, இன்னிக்கு நான் பேச வேண்டிய வேலையே இல்லை.

"மாணவர் எண்ணிக்கை குறைவு, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துடலாம்" என்று சொல்வாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கும். முப்பது வீடு இருக்கிற ஊர்ல அஞ்சிலிருந்து பத்து வயசுக்குள்ள எத்தனை பிள்ளை இருக்கும்? பதினாலு இருந்தா அதுதான் ஊரோட மொத்தப் பிள்ளையும்! சமவெளியில பக்கத்து ஊர்னா சைக்கிள்ல பத்து நிமிஷம். இங்க நடுவுல ஒரு ஓடை, ஒரு மேடு. மழை பிடிச்சா ஆறு வயசுப் பிள்ளை எப்படிப் போகும்?

2009 கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்லுது? தொடக்கப் பள்ளியில 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர். பதினாலு பேர் படிச்சாலும் ரெண்டு ஆசிரியர்தான். அதைக் கேட்டா சலுகை கேட்கிற மாதிரி பார்க்கிறாங்க.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல பழங்குடியினர் 7,94,697 பேர், நூத்துக்கு 1.1. கொல்லிமலையில அப்படியே தலைகீழ்: நூத்துக்குத் தொண்ணூறுக்கும் மேல, பெரும்பாலும் மலையாளி மக்கள். அந்தக் கணக்குல மாநிலத்தோட எழுத்தறிவு 80.1 சதவீதம். பழங்குடியினருக்கு 54.3. நம்ம பதினாலு பேரும் இந்த இடைவெளிக்குள்ளதான் நிற்கிறாங்க.

உண்டு உறைவிடப் பள்ளி இருக்கேன்னு கேட்கலாம். இருக்கு, வேணும். ஏகலைவா பள்ளியில 480 இடம், பாதி பெண் பிள்ளைகளுக்கு. ஆனா அங்க சேர்க்கை ஆறாம் வகுப்பிலிருந்து, அதுவும் தேர்வு எழுதி. ஊர்ப் பள்ளியில அஞ்சு வருஷம் ஒழுங்கா படிக்காத பிள்ளை அந்தத் தேர்வுல என்ன எழுதும்?

நம்ம பக்கமும் ஒண்ணு சொல்லணும், கோபப்படாதீங்க. மிளகு பறிக்க, எஸ்டேட் வேலைக்குன்னு குடும்பத்தோட வெளிய போறப்ப பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிடறோம். பேர் பதிவேட்டுல இருக்கும், பிள்ளை பெஞ்சுல இருக்காது. மூடணும்னு நினைக்கிறவங்களுக்கு அதைவிட வசதி என்ன வேணும்? பாட்டிகிட்ட விட முடியுமா, விடுதியில கொஞ்ச மாசம் இடம் கிடைக்குமான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே தலைமை ஆசிரியர்கிட்ட பேசுங்க.

இதைப் படிக்கிற தோழர்களே, இந்த வாரம் உங்க ஊர்ப் பள்ளிக்குப் போங்க. ஊர்ல எத்தனை பிள்ளை, பதிவேட்டுல எத்தனை, அன்னிக்கு வந்தது எத்தனை, ஆசிரியர் எத்தனை பேர்னு எழுதிக்குங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கிற அம்மாக்களையும் கூட்டிட்டு, வர்ற கிராம சபையில அந்தத் தாளை வாசிச்சு, ரெண்டு ஆசிரியர் வேணும்னு தீர்மானம் போட வையுங்க. தீர்மான நகலைக் கையோட வாங்கிட்டு வாங்க.