தோலில் இருக்கிறது பலன்

ஒரு புளூபெர்ரிப் பழத்தை இரண்டாக நறுக்கிப் பாருங்கள். தோல் கருநீலம், உள்ளே சதை வெளிறிய பச்சை. பழத்தின் பெருமையெல்லாம் அந்தத் தோலில்தான். ஆந்தோசயனின் என்ற நிறமி அங்கேதான் நிறைந்திருக்கிறது.

வட அமெரிக்கக் காடுகளில் தானாக விளைந்த பழம் இது. நியூஜெர்சியில் எலிசபெத் ஒயிட் என்ற பெண்மணி, தாவரவியலாளர் ஒருவரோடு சேர்ந்து இதைத் தோட்டப் பயிராக்கினார். 1916-இல் முதல் விளைச்சல் விற்பனைக்கு வந்தது.

உடம்புக்கு என்ன நன்மை? இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எடை கூடிய, 50 வயதைக் கடந்தவர்களுக்கு, தினம் 150 கிராம் பழத்துக்கு ஈடான பொடியை ஆறு மாதம் கொடுத்தார்கள். ரத்தக் குழாய்கள் முன்னைவிட நன்றாக விரிந்து கொடுத்தன. ஆனால் இன்சுலின் எதிர்ப்பு குறையவில்லை. ஆக, இது நல்ல உணவு. மருந்துக்கு மாற்று அல்ல.

வாங்கினால் தோலோடு முழுப் பழமாகச் சாப்பிடுங்கள். 100 கிராமில் 57 கலோரிதான். ஜாமில் சர்க்கரைதான் அதிகம். விலை கட்டுப்படியாகவில்லையா? நம் ஊர் நாவல் பழத்துக்கு நிறம் தருவதும் ஆந்தோசயனின் வகை நிறமிகள்தான். ஆனி, ஆடியில் தெருவுக்கு வரும்போது தவறாமல் வாங்கிச் சாப்பிடுங்கள்!