பிரிந்த நிரலும் பொதுக் குறியும்

ஓய்வூதியம் பெறுவோரின் பெயர்ப்பட்டியல் ஒரு கோப்பில் இருப்பதாகக் கொள்க. சி மொழியில் எழுதிய நிரலொன்று அதனை வரிவரியாகப் படிக்கின்றது. ஒவ்வொரு வரிக்கும் தன்னை இரண்டாக்கி, பிறந்த பகுதியைக் கொண்டு கொடுப்பனவை அனுப்புகின்றது. விசைப்பலகையில் பெயர்களைத் தட்டிச் சோதித்தபோது யாவும் செவ்வனே நடந்தன. கோப்பைக் கொடுத்ததும், முன்பே பணம் பெற்றவர்க்கே மீண்டும் மீண்டும் பணம் செல்கின்றது, நிரலும் நிற்பதில்லை. இப்பிழை எங்கே ஒளிந்திருக்கின்றது?

1969ஆம் ஆண்டிலே பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் தொடங்கிய யுனிக்ஸில், 'ஃபோர்க்' என்னும் கட்டளை ஓடும் நிரலை அச்சொட்டாக இரண்டாக்கும். மூலம் தாய், நகல் சேய்.

சி நூலகமோ கோப்பை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. அது தாமதம் தருமாதலின், பெரும்பாலும் 4,096 பைற்று அளவில் ஒருமுறையே அள்ளி, இடையகம் என்னும் நினைவகப் பகுதியில் வைத்துக்கொள்ளும். பட்டியல் சிறிதாயின், முதல் வரியைக் கேட்டவுடனேயே முழுவதும் இடையகத்தை அடைந்துவிடும். கோப்பில் எதுவரை படித்தாயிற்று என்று காட்டும் குறி ஈற்றிலே நிற்கும்.

நிரல் பிரியும்போது இடையகமும் இரண்டாகின்றது. குறியோ இருவர்க்கும் பொதுவாக ஒன்றே. இரு எழுதுவினைஞர் ஒரே பேரேட்டிலிருந்து எடுத்த படிகளைத் தத்தம் கையில் வைத்திருக்க, பேரேட்டில் செருகிய அடையாள நாடா ஒன்றாயிருப்பதை இது ஒக்கும்.

சேய் 'எக்சிற்' என விடைபெறும்போது, படிக்கப்படாத வரிகள் எஞ்சியிருத்தலைக் கண்ட நூலகம் அவ்வளவுக்குக் குறியைப் பின்னே நகர்த்துகின்றது. லினக்ஸில் வழங்கும் குனூ சி நூலகம் இவ்வாறு செய்வதுண்டு. நகர்ந்தது தாயின் குறியுமன்றோ? தன் இடையகம் தீர்ந்து கோப்பை மறுபடி நாடும் தாய், ஈற்றைக் காணாது பழைய வரிகளையே காண்கின்றது. விசைப்பலகையில் தட்டியதைப் பின்னே நகர்த்த இயலாது; ஆதலாலேயே சோதனையில் பிழை வெளிப்படவில்லை.

'எஸ்ற்றேஸ்' என்னும் கருவியைச் சேயையும் பின்தொடருமாறு ஏவினால், முடிவுக்குச் சற்று முன் 'எல்சீக்' என்ற வேண்டுகோள் எதிரெண்ணுடன் தோன்றும். அதுவே சான்று.

பரிகாரம் எளிது. முன்னே அடிக்கோடிட்ட மற்றை 'எக்சிற்' கட்டளையால் சேய் முடிதல் வேண்டும். அது இடையகத்தைத் தீண்டுவதில்லை. எனினும் அப்போது இடையகத்தில் தேங்கிய வெளியீடும் மறைந்துபோம். ஆதலின் 'எஃப்ஃப்ளஷ்' கொண்டு அதனை முன்னரே வெளியேற்றுக. தாயும் பிரியுமுன் அவ்வாறே செய்தல் நன்று. இன்றேல் ஒரே செய்தி இருமுறை வெளிப்படக்கூடும்.

நிரல் பிரியுமிடத்தில் எது இரண்டாகின்றது, எது பொதுவாய் நிற்கின்றது என்று முதலில் வினவுதல் வேண்டும். அவ்வினா எழாதவிடத்து, பட்டியலின் ஈற்றில் இருப்பவரின் பணம் முதலில் இருப்பவர்க்கே போய்ச்சேரும்.