துப்பாக்கிக்கு இரும்புப் பூண் அடித்தல்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரும்பு வேலையைப் பற்றிச் சில சொல்லுமாறு காரியதரிசியார் நம்மைப் பணித்தனர். நாமோ ஏட்டுக் கல்வியால் பிழைப்பவர். கொல்லர் மனையிற் பிறந்தும் சம்மட்டி பிடித்தறியாதவர். இங்கு வீற்றிருக்கும் முதியோர் முன்னிலையில் நம் ஊர் உலைக்களத்தைப் பற்றிப் பேசப் புகுதல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாய் முடியும். ஆதலின் கடல் கடந்த நாட்டுச் செய்தியொன்றைக் கூறத் துணிந்தோம்.

அமெரிக்காவிலே பென்சில்வேனியாவைச் சார்ந்த லங்காஸ்டர் முதலிய ஊர்களில், 18-ஆம் நூற்றாண்டில், ஜெர்மானியர் வழிவந்த கம்மியர் நீண்ட குழலுடைய ரைபிள் துப்பாக்கிகளைக் கையாலேயே செய்துவந்தனர். குழலின் உள்ளே சுற்றிச் செல்லும் வரிகள் வெட்டப்பட்டிருத்தலின் குண்டு சுழன்றுகொண்டே நேரிற் பாயும். அக்குழலைத் தாங்கும் மரக்கட்டை தேயாமலும் பிளவாமலும் இருத்தற்பொருட்டு, உலக்கைக்குப் பூண் இடுதல்போல, அதற்கும் பூண்கள் இட்டனர். தோளிற் பொருந்தும் அடித்தட்டு, விசையைக் காக்கும் வளைவு, மருந்து கெட்டிக்கும் கோல் செருகும் சிறுகுழல்கள் என்பன அவற்றுட் சில. லங்காஸ்டர்ப் பக்கத்தார் இவற்றைப் பெரும்பாலும் பித்தளையில் வார்த்தனர். தெற்கே அப்பலேச்சிய மலைநாட்டில், டென்னஸியின் கிழக்கிலும் வட கரோலினாவின் மேற்கிலும், பல கம்மியர் இரும்பையே காய்ச்சி அடித்துச் செய்தனர். பித்தளையின் பளபளப்பு இதற்கு இல்லை. ஆயினும் ஒடுங்கி நீண்ட அதன் வடிவம் கண்டார் கண்ணை விட்டு நீங்காது.

துப்பாக்கி செய்யுமாறு இளைஞரைத் தூண்டுகின்றோம் என்று யாரும் அஞ்சற்க. உரிமமின்றி அதனைச் செய்வது நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாம் கருதுவது அப்பூணின் வேலைத் திறமே.

வார்ப்பு வேலையில் அச்சு ஒன்று இருந்தால் அதேபோல் நூறு வார்க்கலாம். அடிப்பு வேலையிலோ ஒவ்வொன்றும் புதிதே. விசைக்காப்பினை எடுத்துக்கொள்வோம். புதிதாய்க் கற்பவர் முதலில் ஈயக் கம்பியை வளைத்து உருவம் பார்த்து, பின் அதனை நிமிர்த்தி, வேண்டும் நீளத்தை அளந்து கொள்வர். அந்நீளத்திற்கு ஏற்ற இரும்புப் பட்டையை உலையிலிட்டு, நடுவில் அகலமும் இருமுனையிலும் ஒடுக்கமும் வருமாறு அடித்து நீட்டி, அதன்பின் அடைகல்லின் கொம்பின்மீது வளைப்பர். நீட்டுமுன் வளைத்தவன் கெட்டான். வளைந்ததை நீட்டப் புகின் உருவம் சிதையும். கைப்பிடி தங்கும் பின்கம்பியைத் தனியே அடித்து ஆணியறைந்து சேர்ப்பாரும் உளர்.

அடித்தட்டு இன்னும் கடினமானது. தோளுக்கு இயைய வளைந்த தகடு ஒன்று. மேலே கட்டையின் முதுகில் படியும் நாக்கு ஒன்று. இரண்டையும் தனித்தனியே அடித்து, அரத்தால் பொருத்துவாய் ஒட்டச் செய்து, அசையாமற் கட்டி, வெண்காரம் தூவிப் பித்தளைத் துண்டுகளைப் பற்றாசாக இட்டுக் காய்ச்சுவர். பித்தளை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் உருகும். தூய இரும்பு உருகுவதோ 1,538 பாகையில். இவ்விடைவெளியே வேலைக்காரனுக்குத் துணை. பற்றவைத்த பின்னர் மறுபடியும் பெரு நெருப்பிற் காட்டினால் பற்று விட்டுப்போம். ஆதலின் வளைப்பு வேலை முழுதும் முன்னரே முடிதல் வேண்டும்.

கற்பவர் பெரும்பாலும் தடிப்பாக விட்டு அரத்தை நம்புவர். சுத்தியல் கால் நாழிகையில் முடிப்பதை அரம் அரை நாளில் முடிக்கும். அன்றியும் காய்ந்த இரும்பின் மேற்படியும் கரும்பொருக்கு அரத்தின் பல்லை உண்டுவிடும். காடியில் ஊறவைத்து அதனை நீக்கிய பின்னரே அராவுதல் முறை. பழைய தேனிரும்பாயின் மற்றோர் எச்சரிக்கை உண்டு. அதனுள் கசடு நார்நாராய் ஓடுதலின், சூடு தணிந்தபின் அடித்தால் நார்வழியே பிளக்கும். அவ்விரும்பை இன்று யாரும் வணிகத்திற்குக் காய்ச்சுவதில்லை. இங்கிலாந்தில் போல்டன் நகரத்து ஆலை 1973-இல் நின்றது. இக்காலத்தார் பழைய வண்டிச் சக்கரப் பட்டைகளைத் தேடுவர், அல்லது மெல்லெஃகைக் கொள்வர்.

இத்தொழில் இடையே ஏறத்தாழ அறுந்துபோயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆலைத் துப்பாக்கிகள் மலிந்தன. மலைநாட்டில் மட்டும் சிலர் விடாது செய்துவந்தனர். பின்னர் வந்தோர் ஆசான் இன்றிப் பழம்பொருளையே ஆசானாக்கிப் பயின்றனர். அராவிய தடத்தைக் கண்டு எந்த அரம் என ஊகித்தனர். வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் நகரத்து வாலஸ் கஸ்லர் என்பார் தட்டையான இரும்பைச் சுருட்டிக் குழலாக்குவது முதல் முழுத் துப்பாக்கியையும் கையாற் செய்தார். அதனை 1969-இல் திரைப்படமாகவும் எடுத்து வைத்தனர்.

ஜார்ஜியாவின் மலைப்பகுதியில் 1966-இல் ஒரு பள்ளி மாணவர் தொடங்கிய 'ஃபாக்ஸ்ஃபயர்' என்னும் முயற்சி, ஆசிரியராகிய நமக்கு இதனினும் வியப்பளிப்பது. அச்சிறுவர் முதியோர் வீடுதோறும் சென்று, அவர் கைவேலையைக் கேட்டெழுதினர். 1979-இல் வந்த ஐந்தாம் தொகுதியில் இரும்பு உருக்குதலும் கொல்லு வேலையும் துப்பாக்கி செய்தலும் இடம்பெற்றன.

நம் பாட்டனாரின் குறடுகள் மூன்று நம் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ஒன்றன் வாய் வளைந்தும், மற்றொன்றன் வாய் குழிந்தும் உள்ளன. எதற்கு எது என்று நாம் அவரைக் கேட்டதில்லை. 'குறடு' என்னும் சொல்லுக்கு நிகண்டிலே பொருள் காட்ட வல்லோம்; அதன் வாய் ஏன் அவ்வாறு குழிந்தது என்று கூறவல்லோம் அல்லோம். அவற்றை இன்று இங்குக் கொணர்ந்துள்ளோம். முன்வரிசையில் இருக்கும் பெரியோர் எடுத்துப் பார்த்துச் சொல்லுக. மாணவர் இருவர் ஏடும் எழுதுகோலுமாய் அருகே அமர்ந்திருக்கின்றனர்.