மாநிலச் சின்னமான நாய்கள்

ஒரு நாட்டுக்குக் கொடியும் கீதமும் உண்டு. மாகாணங்களும் மாநிலங்களும் தமக்கென ஒரு மலரையோ பறவையையோ மரத்தையோ சின்னமாகத் தெரிந்துகொள்வது பல நாடுகளிலும் காணப்படும் வழக்கம். ஆயின், சட்டசபை கூடி, மசோதா நிறைவேற்றி, ஒரு நாயினத்தை அரசின் சின்னமாகப் பிரகடனஞ் செய்யும் வழக்கம் பெரும்பாலும் வட அமெரிக்காவிலேயே உள்ளது. நாய் என்னும் சொல்லை வசையாகவும் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிகளுக்கு இது சற்று விந்தையாகவே படும்.

இதற்கு வழிகாட்டியது ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம். 1964ஆம் ஆண்டில் அது செசபீக் விரிகுடா ரெட்ரீவர் என்னும் நாயைத் தன் சின்னமாக்கியது. வேட்டைக்காரன் சுட்டு வீழ்த்திய வாத்தினைக் குளிர்நீரில் நீந்திச்சென்று கௌவிக்கொண்டு வருவதே இந்நாயின் தொழில். நீர் உள்ளே புகாதபடி இதன் உரோமத்தில் எண்ணெய்ப் பசை உண்டு. 1807இல் அக்கரையோரத்தில் உடைந்த கப்பலொன்றிலிருந்து காப்பாற்றப்பட்ட இரு குட்டிகளின் வழிவந்தது இவ்வினம் என்று அங்குள்ளோர் கூறுவர்.

அடுத்த ஆண்டிலே பென்சில்வேனியா, கிரேட் டேன் என்னும் பெருநாயைத் தெரிந்தெடுத்தது. பெயரில் டென்மார்க்கைத் தாங்கியிருந்தும் இந்நாய் ஜெர்மனியில் உருவானதென்பது வேறு கதை. வாக்கெடுப்பின்போது உறுப்பினர்கள் 'ஆம்' என்பதற்குப் பதிலாக நாய்போலக் குரைத்தே சம்மதந் தெரிவித்தனர் என்று சொல்லப்படுகிறது. சட்டசபைகளிற் குரைப்பொலி கேட்பது புதிதன்று என நேயர்கள் சிலர் நினைக்கக்கூடும்!

பென்சில்வேனியாவில் இது வேடிக்கையாக நடந்தேறியது. கனடாவின் வடகோடியிலோ இது வேடிக்கையன்று.

முன்னாளிற் பிறரால் எஸ்கிமோவர் என்றழைக்கப்பட்ட இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனவுட் பிரதேசம், 1999ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி தனிப் பிரதேசமாயிற்று. மறு ஆண்டே அது தன் சின்னமாக ஏற்றுக்கொண்ட விலங்கு வெண்கரடியன்று. சறுக்குவண்டி இழுக்கும் நாய். இனுயிட் மொழியில் அதன் பெயர் கிம்மிக். அச்சொல்லுக்கு 'நாய்' என்பதே பொருள். வேறொரு நாயையும் அறியாத மக்களுக்கு வேறு பெயர் எதற்கு?

மரமே முளையாத பனிவெளியில் அந்நாயின்றி வாழ்க்கை இல்லை. நாய்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வாரினாலே பிணைக்கப்பட்டு, விசிறி விரிந்தாற்போலப் பரந்து வண்டியை இழுக்கும். உறைந்த கடலின்மீது செல்கையில், கீழே வாழும் சீல் என்னும் கடல்விலங்கு மூச்சுவிடும் துவாரத்தை மோப்பத்தால் அறிந்து காட்டும். வெண்கரடி எதிர்ப்பட்டாற் சூழ்ந்து நின்று தடுத்துவைக்கும். பனி உருகிய கோடையிலோ முதுகிற் பொதிசுமக்கும். வீசும் பனிப்புயலில் மனிதனுக்கு வழி தெரியாதபோதும் தலைநாய்க்கு வீட்டுவழி தெரியும்.

1950ஆம் ஆண்டுகளிலிருந்து இவ்வாழ்க்கை குலைந்தது. பள்ளிக்கூடம், வைத்தியம், அரசாங்க உதவி ஆகியவற்றின் பொருட்டு இனுயிட் குடும்பங்கள் வேட்டைப் பாசறைகளை விட்டுக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தன. பலர் வரும்படி நிர்ப்பந்திக்கப்பட்டனர். நாய்களும் உடன் வந்தன. அவற்றைக் கட்டியே வைக்கவேண்டும் என்றது சட்டம். வேலையற்ற வேளையில் நாயை அவிழ்த்துவிடுவதே இனுயிட் வழக்கம். கட்டிவைத்த நாய் இழுவைக்கு உதவாது என்பது அவர்கள் அனுபவம். அந்நிய மொழியில் எழுதிய சட்டம் பலருக்கு விளங்கவுமில்லை. அவிழ்ந்து திரிந்த நாய்களைப் பொலிசாரும் பிற அதிகாரிகளும் சுட்டார்கள். கட்டியிருந்தவற்றையும் உரிமையாளர் கண்ணெதிரே சுட்டதுண்டு என்று முதியோர் சாட்சி கூறினர். நாய்கள் சிறுவரைக் கடிக்கும், நோய் பரப்பும் என்பது அதிகாரிகள் காட்டிய காரணம். அது முற்றிலும் பொய்யன்று. ஆனால் நாய்களை இழந்த வேட்டைக்காரன் திரும்பிப் போக வழியற்று, உதவிப்பணத்தை எதிர்பார்த்துக் குடியிருப்பிலே முடங்கினான் என்பதை எண்ணிப் பார்த்தவர் அன்று எவருமில்லை.

தொற்றுநோயும், பின்னர் வந்த பனிமோட்டார் வண்டியும் எஞ்சியவற்றைக் குறைத்தன. 1920ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 என மதிக்கப்பட்ட தொகை, 1970ஆம் ஆண்டுகளிற் சில நூறாகச் சுருங்கியது. அந்நிலையில் பில் காப்பென்டர், ஜோன் மக்ராத் என்னும் இருவர் சிதறிக் கிடந்த நல்லின நாய்களைத் தேடிச் சேர்த்து, இனம் அறாமற் காத்தனர்.

ஆகவே, நுனவுட் இந்நாயைச் சின்னமாக்கியது பெருமைக்காக மட்டுமன்று. ஓர் அரசின் சட்டம் சுடச் சொன்ன விலங்கை, அம்மக்களின் சொந்த அரசு சட்டத்தாலேயே உயர்த்தி வைத்தது. அதன்பின் கிக்கிக்தானி உண்மை ஆணைக்குழு முதியோரின் சாட்சியங்களைத் திரட்டி 2010இல் அறிக்கை வெளியிட்டது. 2019 ஆகஸ்டில் கனடா அரசு அப்பகுதி மக்களிடம் மன்னிப்புக் கோரியது.

நுனவுட்டின் எல்லைக்கு அப்பால், கியூபெக் மாகாணத்தின் வடபகுதியான நுனாவிக்கிலும் இதே துயரம் நிகழ்ந்தது. அங்கே பொலிசார் 1,000க்கு மேற்பட்ட நாய்களைக் கொன்றனர் என்று ஓய்வுபெற்ற நீதிபதியொருவரின் விசாரணை முடிவு கூறியது. 2011இல் கியூபெக் அரசு 30 இலட்சம் டொலர் வழங்கியது. 2024 நவம்பரில் மத்திய அரசின் மன்னிப்பும், 4½ கோடி டொலர் இழப்பீடும் வந்தன. கங்கிக்சுஜுவாக் என்னும் கிராமத்துக்குச் சென்று அந்த மன்னிப்பை வாசித்த அமைச்சர் கெரி ஆனந்தசங்கரி, இலங்கையிற் பிறந்து சிறுவயதிற் கனடாவிற் குடியேறிய தமிழர்.

அந்நுனாவிக்கிலே 2001இல் இவாக்காக் என்னும் நாய்வண்டிப் பந்தயம் தொடங்கப்பட்டது. கிராமத்திலிருந்து கிராமத்துக்குப் பல நாட்கள் பனியில் ஓடும் பந்தயம் அது. கலப்பில்லாத இனுயிட் நாய்களுக்கு மாத்திரமே அதில் இடமுண்டு. அதனாற் பனிமோட்டார் வைத்திருந்த வீடுகளிலும் மீண்டும் நாய்க்குட்டிகள் வளர்க்கப்படலாயின.