திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்று: எந்த ரத்தப் பரிசோதனை தேவை?

(நம் குடியிருப்பு மகளிர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

ஆண்களும் சிலர் வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

பெண்களில் சுமார் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருகிறது. அரிப்பு, எரிச்சல், திரிந்த பால் போல வெள்ளைப்படுதல். "உடம்புச் சூடு" என்று மோர் குடித்துவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கிச் சமாளிக்கிறோம். வருடத்தில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் வந்தால் அது தொடர் தொற்று. அப்படி வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நான் சுத்தமாத்தானே இருக்கேன் டாக்டர்?" என்பதுதான். இது சுத்தக் குறைவால் வருவதில்லை. சோப்பு போட்டு உள்ளே கழுவினால் எரிச்சல்தான் கூடும்.

பின் ஏன் சிலருக்கு மட்டும்? 2009-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்தத் தொற்று அடிக்கடி வந்த ஒரு குடும்பத்துப் பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். பூஞ்சையின் மேலுறையை அடையாளம் காணும் டெக்டின்-1 என்ற புரதம் அவர்களுக்கு ஒரு மரபணு மாற்றத்தால் சரியாக வேலை செய்யவில்லை. வாசலில் காவலாளி இருக்கிறார், ஆனால் ஆளைத் தெரியவில்லை, அவ்வளவுதான். பூஞ்சையைக் கொல்லும் திறன் வெள்ளணுக்களிடம் இருந்தது. அதனால் தொற்று உடம்புக்குள் பரவவில்லை.

இதைக் கேட்டதும் "ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?" என்பீர்கள். வேண்டாம். அதே மாற்றம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் இருக்கிறது. முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. கேன்டிடா எதிர்ப்பொருள் டெஸ்டும் அப்படித்தான். அந்தப் பூஞ்சை நம்மில் பலரிடம் சும்மாவே குடியிருப்பதால், ஆரோக்கியமானவர்களுக்கும் 'பாசிட்டிவ்' வரும். எதிர்ப்பு சக்தி லேகியமும் வேண்டாம். பல பெண்களுக்கு அரிப்பும் வீக்கமும் வருவதே எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறிச் சண்டை போடுவதால்தான்!

ரத்தத்தில் அவசியம் பார்க்க வேண்டியது சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி போதும். சூழ்நிலையைப் பொறுத்து ஹெச்ஐவி பரிசோதனையையும் டாக்டர் கேட்கலாம், அதற்காகப் பதற வேண்டாம்.

ரத்தத்தைவிட முக்கியம், தொற்று இருக்கும்போதே ஸ்வாப் எடுத்து கல்ச்சர் செய்வது. க்ரீம் போட்டுவிட்டு வராதீர்கள், பூஞ்சை தெரியாமல் போகலாம். பூஞ்சை என்று நாமே நினைப்பது பல நேரம் வேறு தொற்றாகவோ தோல் நோயாகவோ இருக்கும். கேன்டிடா கிளாப்ரேட்டா என்ற வகையாக இருந்தால் வழக்கமான ஃப்ளூகோனசோல் சரியாகக் கேட்காது.

வழக்கமான வகை என்றால் முதலில் சில டோஸ், பிறகு வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதம். நிறுத்தியபின் பலருக்குத் திரும்ப வருவதுண்டு. அது உங்கள் தவறல்ல, மறுபடி வாருங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ இந்த மாத்திரை கூடாது, க்ரீம்தான்.

இப்போது ஆண்களுக்கு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும். அதனால் இதே தொற்று ஆண், பெண் இருவருக்கும் வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்விகளைச் சத்தமாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தாருங்கள். தட்டு இப்போது பின்வரிசையிலிருந்து வரும்.